க-வா, ௧-ஆ? ஈய எழுத்தில் தமிழ் எண்களைக் கோப்பது எப்படி

பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றைத் திறந்தால் முகப்பின் உச்சியில், நடுவாக, ஒரு 'உ' தனியாக நிற்கும். அது பிள்ளையார் சுழி. இரண்டு தாள் புரட்டினால் இன்னொரு பக்கத்தின் தலையிலும் அதே 'உ' நிற்கும். அது பக்க எண் 2. பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான். பல அச்சகங்களில் கேஸின் (ஈய எழுத்துகளைப் பிரித்துப் போட்டு வைக்கும் கட்டப் பெட்டி) ஒரே கட்டத்துக்குள் கைவிட்டுத்தான் இரண்டையும் எடுத்தார்கள். முதல் உ-வைப் பக்க எண் என்று நினைத்து, 'ஒன்றாம் பக்கத்தைக் காணோமே, கிழிந்துவிட்டதா?' என்று தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் தேடியவன்தான்.

ஈய எழுத்தைக் கோத்து அச்சிடும் லெட்டர்பிரஸ் முறையைக் கற்றுக்கொள்ள இப்போது இளையவர்கள் சிலர் வருகிறார்கள். பூட்டிய அச்சகத்திலிருந்து எடைக்கு வாங்கிய ஈய எழுத்துகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களும் உண்டு. தமிழ் எழுத்தோடு தமிழ் எண்ணையும் சேர்த்து ஒரு சிறு முகப்பைக் கோத்து, அச்சிட்டு, எழுத்துகளை மறுபடி கேஸில் போடுவது வரை இங்கே சொல்கிறேன். மேலே ஒரு உ, நடுவில் உங்கள் பெயர், கீழே ஒரு வருடம். முதல் பயிற்சிக்கு இந்த மூன்று வரி போதும்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இந்த எழுத்துகளில் பெரும்பங்கு ஈயம். கடினத்துக்கு ஆன்டிமணியும், வார்ப்பு சுத்தமாக வருவதற்கு வெள்ளீயமும் சேர்த்திருப்பார்கள். கேஸ் பக்கத்தில் டீயோ வடையோ வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கேஸில் படிந்த தூசியை வாயால் ஊதாதீர்கள். உடைந்த எழுத்தை வீட்டு அடுப்பில் உருக்கிப் பார்க்கும் ஆசை வந்தால் அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எண்ணை வாயால் சொல்லிப் பழகுங்கள்

ஒன்று முதல் ஒன்பது வரை: ௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯. மனப்பாடம் செய்ய ஒரு வாக்கியம் பலருடைய வாயிலும் புழங்குகிறது: கடுகு, உளுந்து, ஙனைச்சு, சமைச்சு, ருசிச்சு, சாப்பிட்டேன் என அவன் கூறினான். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் எடுத்தால் க, உ, ங, ச, ரு, சா, எ, அ, கூ. ஆறுக்கு மட்டும் 'சா'வைவிட 'சு' பொருத்தம். ௬-ஐ உற்றுப் பாருங்கள், சு தெரியும்.

இவற்றோடு பத்து ௰, நூறு ௱, ஆயிரம் ௲ என்று மூன்று குறிகள் உண்டு. பழைய முறையில் சுழியம் கிடையாது. அது தேவைப்படவும் இல்லை, ஏனென்றால் எண்ணை வாயால் எப்படிச் சொல்கிறோமோ அப்படியே எழுதினார்கள். 1835 என்பதைச் சொல்லிப் பாருங்கள். ஆயிரம், எட்டு நூறு, மூன்று பத்து, ஐந்து. ௲, ௮௱, ௩௰, ௫. சேர்த்து வைத்தால் ௲௮௱௩௰௫. ஆறு டைப், அதாவது ஆறு ஈய எழுத்து. இடமதிப்பு முறையில் எழுதினால் ௧௮௩௫, நாலே டைப். 19ஆம் நூற்றாண்டு அச்சுகளில் இரண்டு முறையையும் காணலாம். அதனால் படிக்கும்போது இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும். கோக்கும்போது ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசி வரை அதிலேயே நில்லுங்கள். ஒரு பக்கத்தில் ௰௫, அடுத்ததில் ௧௬ என்று வந்தால் வாசகர் தடுமாறிப் போவார்.

1835-ஐ எடுத்துக்காட்டாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. அதுவரை அச்சகம் வைக்க அரசின் உரிமம் வேண்டும். கவர்னர் ஜெனரல் மெட்காப் காலத்துச் சட்டம் அந்த வருடம் அதை நீக்கியது. அப்புறம்தான் இந்தியர்களின் அச்சகங்கள் சென்னையிலும் பிற ஊர்களிலும் பெருகின. இன்று நாம் எடுத்துப் பார்க்கும் பழைய இலக்கியப் பதிப்புகளில் பெரும்பாலானவை அந்த வாசல் திறந்த பிறகு வந்தவை. பயிற்சிக்கு இதைவிட நல்ல வருடம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு இடத்தில் கட்டாயம் கவனம் வேண்டும். ௰௨ என்றால் 12. ௨௰ என்றால் 20. டைப் இரண்டும் அதேதான், வரிசை மட்டும் மாறுகிறது. நான் வேலை பழகிய இடத்தில் ஒரு கோயில் நோட்டீஸில் ஆவணி ௰௨ என்று வரவேண்டியதை ௨௰ என்று கோத்துவிட்டேன். பிழை பார்க்க முதலில் அடித்த புரூஃபிலும் என் கண்ணில் படவில்லை. 300 தாள் ஓடிய பிறகு, வாங்க வந்த பெரியவர் எடுத்துப் படித்துவிட்டு, "தம்பி, திருவிழாவை எட்டு நாள் தள்ளி வச்சுட்டியே" என்றார். அத்தனையும் வீண். அன்று முதல் எண் உள்ள வரியை வாய்விட்டுப் படிக்காமல் அச்சுக்கு விட்டதில்லை.

எழுத்தா எண்ணா என்று எப்படிக் கண்டுபிடிப்பது

எழுத்தையே எண்ணாகவும் வைத்துக்கொண்டது தமிழ் மட்டும் அல்ல. கிரேக்கத்தில் ஆல்பா 1, பீட்டா 2. அன்றாட எழுத்து போதாமல் 6, 90, 900 மூன்றுக்கும் ஸ்டிக்மா, கோப்பா, சாம்பி என்ற மூன்று பழைய எழுத்துகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கிரேக்க நூல் அச்சிடுபவர் கேஸில் அவற்றுக்கும் இடம் விட வேண்டும். எபிரேயத்தில் 15 எழுதப் பத்தும் ஐந்தும் சேர்ப்பதில்லை. அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்தால் இறைவனின் பெயராகிவிடும் என்பதால் ஒன்பதும் ஆறும் சேர்ப்பார்கள். ஆனால் இந்த இரண்டு மொழியிலும் 'இது எண்' என்று காட்ட எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு கீற்றுப் போடும் வழக்கம் உண்டு. தமிழில் அந்தக் கீற்று இல்லை. அந்த வேலையை எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்தான் செய்ய வேண்டும். எண்ணைச் சுற்றி எவ்வளவு இடம் விடுகிறோம், பக்கத்தில் என்ன சொல் வைக்கிறோம் என்பதுதான் தமிழில் அந்தக் கீற்று.

அவ்வையார் தனிப்பாடல் ஒன்றில் 'எட்டேகால் லட்சணமே' என்று ஒருவரைத் திட்டுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எட்டுக்கு அ, காலுக்கு வ. சேர்த்தால் அவலட்சணம். கேட்பவருக்கு எண்ணும் எழுத்தும் ஒன்றாகவே மனதில் இருந்ததால்தான் அந்தத் திட்டு உறைத்தது.

பழைய நூலைப் படிக்கும்போது எனக்கு எப்போதும் கைகொடுக்கும் சோதனை ஒன்று உண்டு. (க) என்று ஒரு பத்தி தொடங்கினால் அடுத்த பத்தி எதில் தொடங்குகிறது என்று பாருங்கள். (உ) வந்தால் இது எண்வரிசை. (கா) வந்தாலோ (ங) வந்தாலோ நெடுங்கணக்கு, அதாவது எழுத்து வரிசை. அதேபோல ஒரு சொல்லுக்கு நடுவில் ௰-வைப் போல ஒன்று நின்றால் அது ய. ௱, ௲ பக்கத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம், எண்தான்.

உருவ வேறுபாட்டையும் பழகிக்கொள்ளுங்கள். ௧, ௨ இரண்டும் க, உ-வேதான். ௩ பல அச்சுகளில் ங-வைவிட ந-வுக்கு நெருக்கமாகத் தெரியும். ௪, ௭ இரண்டுக்கும் ச, எ-வில் இல்லாத வால் உண்டு. ௫-க்கும் ரு-வுக்கும், ௯-க்கும் கூ-வுக்கும் உள்ள நெருக்கம் ஃபவுண்டுக்கு ஃபவுண்டு, அதாவது ஒன்றாக வார்த்த எழுத்துத் தொகுதிக்குத் தொகுதி, மாறும். இந்த மாற்றத்தைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, உங்கள் கேஸில் என்ன இருக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

கேஸைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ் கேஸில் கட்டங்கள் அதிகம். உயிர் எழுத்துகள், புள்ளி வைத்த மெய் 18, புள்ளி இல்லாதது 18, கி வரிசை, கீ வரிசை, கு வரிசை, கூ வரிசை, ஆய்தம், கால், கொம்புகள், அப்புறம் ஜ, ஷ, ஸ, ஹ. கூட்டிப் பார்த்தால் 120-ஐத் தாண்டும். இதில் ஔ-வுக்குத் தனி டைப் தேட வேண்டாம், ஒ-வும் ள-வும் போதும். ஒரே டைப் இரண்டு வேலை பார்ப்பது தமிழ் அச்சுக்குப் புதிதல்ல.

நீங்கள் வாங்கிய எழுத்து 1978-க்கு முன் வார்த்ததாக இருந்தால் ணை, லை, ளை, னை நாலும் தும்பிக்கை வைத்த பழைய உருவத்தில் ஒற்றை டைப்பாக இருக்கலாம். ணா, றா, னா-வும் சுழித்துப் போன உருவத்தில் வரும். அந்த வருட அரசாணைக்குப் பிறகுதான் இன்றைய உருவங்கள் பொதுவாயின. பழைய டைப்பை உடைசல் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவை இனி யாரும் வார்க்கப்போவதில்லை.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான், ஆனால் பொறுமை வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒரே ஒரு டைப் எடுத்து வரிசையாகக் கோத்து ஒரு தாளில் அச்சிடுங்கள். அதுதான் உங்கள் கேஸின் வரைபடம். அச்சிட்ட தாளில் ௪, ௭, ௮ என்று தனி உருவம் வந்தால் உங்கள் ஃபவுண்டில் எண்ணுக்கென்றே டைப் வார்த்திருக்கிறார்கள். ச, எ, அ மட்டுமே வந்தால் எழுத்தே எண்ணாகவும் வேலை செய்திருக்கிறது. ௱, ௲ இரண்டும் கிடைத்தால் பழைய முறையில் கோக்கலாம். கிடைக்காவிட்டால் அவற்றுக்குப் பதில் எதையும் ஒப்பேற்றாமல் ௧௮௩௫ என்று இடமதிப்பு முறைக்குப் போய்விடுங்கள். பழைய பஞ்சாங்கம் அடித்த அச்சகத்து எழுத்தாக இருந்தால் ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௹ ரூபாய், ௸ மேற்படி போன்ற குறிகளும் கிடைக்கும். கிடைத்தால் தனியாக ஒரு பெட்டியில் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

எழுத்தளவு பற்றி ஒரு வார்த்தை. புதியவர்களுக்கு 12 பாயிண்டுக்குக் குறையாதது நல்லது. தரங்கம்பாடியில் இருந்த பாதிரியார் சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து 1713-இல் வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை. அவற்றில் அச்சிட்டால் தாள் கட்டுப்படியாகாது என்பதால் அங்கேயே சிறிய எழுத்து வார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தாள் கவலை. உங்களுக்கு இப்போது கண்தான் கவலை, ஆகவே பெரிய எழுத்திலேயே பழகுங்கள்.

ஸ்டிக்கில் கோப்பது

எழுத்துகளை வரிவரியாக அடுக்கும் சிறு கைத்தட்டுதான் ஸ்டிக். அதை இடது கையில் பிடியுங்கள். வரியின் அகலத்தை 20 எம்மில் நிறுத்துங்கள். அதாவது மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேல். முதலில் வரிக்கு வரி இடைவெளி விட வைக்கும் ஒரு லெட் தகடு, அதன் மேல் எழுத்து.

ஒவ்வொரு டைப்பின் உடம்பிலும் ஒரு பக்கம் சிறு பள்ளம் இருக்கும். அதை நிக் என்பார்கள். நிக் மேல்பக்கம், உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். இடமிருந்து வலமாகவே கோக்க வேண்டும், ஆனால் எழுத்து தலைகீழாக நிற்கும். ப-வைப் பார்த்தால் கவிழ்த்து வைத்த வாளி மாதிரி இருக்கும். இரண்டு நாளில் கண் பழகிவிடும். பழகும் வரை ஸ்டிக்கைத் திருப்பிப் பிடித்துப் படிக்க ஆசை வரும், அதைச் செய்யாதீர்கள். திருப்பிப் படித்துப் பழகியவர் ௰௨-வை ௨௰ ஆக்காமல் தப்பிப்பது கஷ்டம்.

முதல் வரியில் ஒரே ஒரு உ. இரண்டு பக்கமும் சம அளவு குவாட் (அச்சில் விழாத இடைவெளிக் கட்டை) வைத்து நடுவுக்குக் கொண்டு வாருங்கள். அடுத்து இரண்டு மூன்று லெட் வைத்து உங்கள் பெயர். தனி டைப்பாக வார்த்த கி, கு இருக்கும்போது வேறு துண்டுகளைச் சேர்த்து ஒட்டவைக்காதீர்கள், இடைவெளி பல்லிளிக்கும்.

மூன்றாவது வரிதான் நம் பாடம். ௲ ௮ ௱ ௩ ௰ ௫. ஒவ்வொன்றையும் வைக்கும்போது ஆயிரம், எட்டு, நூறு, மூன்று, பத்து, ஐந்து என்று உதட்டால் சொல்லுங்கள். எண்களுக்கு நடுவே ஸ்பேஸ் வேண்டாம், ஒரே கொத்தாக நிற்கட்டும். எண்ணோடு ஒரு சொல் வந்தால், உதாரணத்துக்கு '௲௮௱௩௰௫ ௵' என்று வைத்தால், இரண்டுக்கும் நடுவில் குவாடில் மூன்றில் ஒரு பங்கு அகலமுள்ள ஸ்பேஸ் ஒன்று வைக்கலாம். பாட்டு எண், செய்யுள் எண் போல வரிக்குள் எண் வந்தால் இரண்டு பக்கமும் அதே அளவு. ஐந்தில் ஒரு பங்கு ஸ்பேஸ் வைத்தால் எண் பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு 'சொல்க' 'சொல்௧' என்று குழப்பும்.

வரி முடிந்ததும் இறுக்கத்தைப் பாருங்கள். ஸ்டிக்கைச் சற்றுச் சாய்த்தால் வரி தானாக நிற்க வேண்டும், விரலால் தள்ளினால் நகரவும் வேண்டும். தளர்ந்திருந்தால் மெல்லிய ஸ்பேஸ் செருகுங்கள், வலுவந்தமாக எதையும் அடித்து நுழைக்காதீர்கள்.

கடன் வாங்கிய எண் டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ௱ உங்கள் ஃபவுண்டில் இல்லை, நண்பர் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். வரியைக் கோத்துவிட்டு நிக் வரிசையைப் பாருங்கள். மற்ற டைப்பின் பள்ளங்கள் ஒரே கோடாக ஓடும், கடன் வாங்கியதில் மட்டும் கோடு முறியும். அழகுக் குறை அல்ல அது, உங்களுக்கு உதவி. திரும்பப் போடும்போது எது யாருடையது என்று அந்தக் கோடே சொல்லிவிடும். அந்த டைப் 10 பாயிண்டும் உங்கள் எழுத்து 12 பாயிண்டுமாக இருந்தால் மேலேயோ கீழேயோ 2 பாயிண்ட் லெட் துண்டு வெட்டி வைத்தால்தான் உயரம் சேரும். எந்தப் பக்கம் வைப்பது என்பதை ஒரு புரூஃப் எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். எண்கள் ஒரே தரையில் நிற்பதுபோலத் தெரிய வேண்டும்.

பூட்டி, புரூஃப் எடுத்து, அச்சிடுவது

ஸ்டிக்கிலிருந்து வரிகளைக் கேலி என்ற பெரிய தட்டுக்கு மாற்றும்போது நான்கு பக்கமும் விரலால் அணைத்துத் தூக்குங்கள். சரிந்து கொட்டினால் முதலிலிருந்துதான். சுற்றி நூல் கட்டுங்கள். அப்புறம் இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, சுற்றிலும் மரக்கட்டைகள் அடுக்கி, முடுக்கியால் இறுக்க வேண்டும். முழுதாக இறுக்குவதற்கு முன் ஒரு தட்டையான பலகையை மேலே வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் எல்லா டைப்பும் ஒரே மட்டத்தில் அமரும். டைப்பின் உயரம் 0.918 அங்குலம். ஒன்று தூக்கி நின்றாலும் தாளைக் குத்தும், பக்கத்து எழுத்து மங்கும்.

காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் அச்சு இயந்திரம் இல்லையென்றால் கவலை வேண்டாம். ரோலரால் மெல்லிசாக மை பூசி, தாளை வைத்து, பின்பக்கம் ஒரு கரண்டியால் தேய்த்தாலே புரூஃப் வந்துவிடும். மை அதிகமானால் ௪-இன் வால் அடைபட்டு ச ஆகிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே எண் உள்ள பக்கத்துக்கு மை குறைவாகப் பூசுங்கள் என்பேன்.

புரூஃபைத் தனியாகப் படிக்காதீர்கள். இன்னொருவர் மூலத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் புரூஃபிலிருந்து சத்தமாகப் படியுங்கள். எண்ணைப் 'பதினெட்டு முப்பத்தைந்து' என்று படிக்கக் கூடாது. 'ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தைந்து' என்று முழுதாகச் சொன்னால்தான் ஒரு ௱ விடுபட்டாலும் நாக்கு இடறும். அச்சிடுவது அதற்குப் பிறகு ஒரு மணி நேர வேலை.

இதே வரியைக் கணினியில் ஏற்றும்போதும் ஒரு கவனம். ஈயத்தில் க-வும் ௧-உம் ஒன்றாக இருக்கலாம், யூனிகோடில் அப்படி இல்லை. ௧-க்குத் தனி இடம் உண்டு. தமிழ்ச் சுழியம் 2005-இல் சேர்ந்தது. முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகள் 2019-இல் வந்தன. பழைய நூல்களைத் தட்டெழுதும் நண்பர்கள் எண் வரும் இடத்தில் க என்று அடித்துவிட்டால், பிறகு தேடுபவருக்கு அந்தப் பக்கம் கிடைக்காமலே போகும்.

திரும்பப் போடுவது

புதியவர்கள் அவசரப்படுவது இங்கேதான். அச்சான கையோடு எழுத்தில் உள்ள மையைக் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். காய்ந்த மை ஒட்டிய டைப் அடுத்த முறை கோடு போட்டதுபோல அச்சாகும். அறையின் ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

பிறகு ஒரு வரியை இடது கையில் எடுத்து, சொல் சொல்லாகப் படித்து, வலது கையால் கட்டங்களில் போடுங்கள். எண் வரியை மட்டும் கடைசிக்கு ஒதுக்குங்கள். உங்கள் ஃபவுண்டில் எண்ணுக்குத் தனி டைப் இருந்தால், ஒவ்வொன்றையும் கேஸின் வரைபடத் தாளோடு ஒப்பிட்ட பிறகே போடுங்கள். ச கட்டத்தில் ஒரு ௪ விழுந்தால், அடுத்து 'சரி' என்று கோப்பவர் '௪ரி' என்று கோப்பார், அவர் மேல் தப்பே இருக்காது. எழுத்தே எண்ணாக இருக்கும் ஃபவுண்டில் இந்தச் சிக்கல் இல்லை. முகப்பின் உச்சியில் இருந்த உ-வும் பக்க எண் ௨-உம் ஒரே கட்டத்துக்குள் போய்ச் சேரும். கடன் வாங்கிய ௱-வைத் துடைத்து, ஒரு தாளில் மடித்து, மேலே பெயர் எழுதி நண்பருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.